லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்?

தயிர்சாதத்தில் முதல் வாய் எடுத்து வைக்கும்போதுதான் அந்த மெயில் வந்தது.

"அன்புள்ள திருநாவுக்கரசு அவர்களுக்கு, 1959-ஆம் ஆண்டு பெல்லாந்தி ஸ்பைடர் காருக்கு நீங்கள் கேட்ட இருபத்தோரு லட்சம் பவுண்டு எங்களுக்கு வந்து சேர்ந்தது. இந்த நிமிஷம் வரை உங்கள் விலையே உச்ச விலை. ஏலம் வெள்ளிக்கிழமை முடிகிறது. வாழ்த்துகள்."

திருநாவுக்கரசு சாதத்தை விழுங்க மறந்து இன்னொரு தடவை படித்தான்.

மாதாப்பூரில் ஒரு மென்பொருள் கம்பெனியில் அவன் டெஸ்டர். கரூரிலிருந்து ஹைதராபாத்துக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. உலகத்தில் எந்த முட்டாள் எந்தப் பொத்தானை எப்படி அமுக்குவான் என்று யோசித்து, அவனுக்கு முன்னால் தான் அமுக்கிப் பார்ப்பதுதான் உத்தியோகம். இப்போது லண்டனில் ஒரு ஏலக் கம்பெனிக்காக வெப்சைட் செய்துகொண்டிருந்தார்கள். சைட் இரண்டு உண்டு. ஒன்று டெஸ்ட் சைட். அதில் காரும் பொய், காசும் பொய், எதை வேண்டுமானாலும் அமுக்கலாம். இன்னொன்று நிஜ சைட். இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். மேலே விலாசத்தில் 'டெஸ்ட்' என்ற ஒரு சொல்தான் வித்தியாசம்.

திருநாவுக்கரசு மெதுவாக நிமிர்ந்து விலாசத்தைப் பார்த்தான். அந்தச் சொல் அங்கே இல்லை.

"நிஜ சைட் பக்கம் தலை வச்சுப் படுக்கக் கூடாது. தொட்டா அன்னைக்கே ஐடி கார்டை வாங்கிடுவாங்க. போன மாசம் மூணாவது மாடியில ஒருத்தர் போனாருல்ல?" என்று டீம் லீட் நஸ்ரின் சொல்லியிருந்தாள். ஆம்பூர்க்காரி. எதையும் இரண்டு தடவை சொல்ல மாட்டாள்.

டெஸ்ட் செய்யத் தன் பெயரும் வீட்டு விலாசமும் போன் நம்பரும் போட்டுத் திறந்த கணக்கு நிஜ சைட்டிலும் செல்லும் என்பதே ஒரு பெரிய பிழை. அதைக் கண்டுபிடித்ததற்கு வேறு சமயமாயிருந்தால் பாராட்டு கிடைத்திருக்கும். ஆனால் இப்போது புகார் எழுதினால் முதலில், "எப்படிக் கண்டுபிடித்தாய்?" என்றுதான் கேட்பார்கள்.

சரி, கேட்டதை ரத்து செய்துவிடலாம் என்று ரத்துப் பொத்தானைத் தேடினான். இல்லை. இல்லாதது அவனுக்குத் தெரிந்த விஷயம்தான். "ரத்து செய்ய வழியில்லை" என்று முந்தின நாள் அவனே புகார் எழுதியிருந்தான். அதற்கு லண்டனிலிருந்து பதிலும் வந்திருந்தது: "எங்கள் வாடிக்கையாளர்கள் கனவான்கள். அவர்கள் சொன்ன சொல் மாறுவதில்லை."

டிபன் பாக்ஸை மூடிவிட்டு, கனவான் எழுந்து வெளியே நடந்தார்.

தெருமுனை எஸ்.டி.டி. பூத்தின் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு லண்டனுக்குப் பேசினான். எடுத்தவர் பெம்பர்டன் என்று ஒரு பெரியவர். வெண்ணெய் தடவிய ஆங்கிலம்.

"ஐயா, ஹைதராபாத்திலிருந்து பேசுகிறேன். அந்த பெல்லாந்தி கார்..."

"ஆஹா! திருநாவுக்கரசு அவர்களா? தங்கள் அழைப்பு எங்கள் பாக்கியம்."

தான் டெஸ்டர் என்று சொன்னால் வேலை போகும். சொல்லாமல் கழன்றுகொள்ள வேண்டும். காரைக் குறை சொல்வதுதான் வழி என்று திருநாவுக்கரசு முடிவு செய்தான். சொந்த ஊரில் பழைய ஸ்கூட்டர் விலை பேசும்போது மாமா என்னென்ன கேட்பாரோ அதையெல்லாம் கேட்டான்.

"ரொம்பப் பழைய வண்டியாக இருக்கிறதே?"

"நாற்பத்தெட்டு வயது. உலகத்திலேயே ஏழுதான் செய்தார்கள்."

"ஏன் ஏழோடு நிறுத்திவிட்டார்கள்? விற்கவில்லையா?"

லண்டனில் ஒரு சிரிப்பு. "தங்கள் நகைச்சுவை அபாரம்."

"லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்?"

பெரியவரின் குரல் தழுதழுத்து வந்தது.

"முப்பது வருஷமாக கார்களை ஏலம் விடுகிறேன். இந்தக் கேள்வியை இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. எல்லோரும் கண்ணாடி அறையில் நிறுத்திப் பார்க்கத்தான் வாங்குகிறார்கள். ஓட்டுகிற எண்ணத்தோடு வாங்குபவர் தாங்கள் ஒருவர்தான்."

"அதில்லை ஐயா, எனக்கு நிறுத்தவும் இடம் கிடையாது. கீழே ஒரு ஸ்கூட்டர்தான் நிற்கும்."

"புரிகிறது. இடமெல்லாம் கார்களே நிறைந்திருக்கும். எங்கள் பெரிய வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் இதே சங்கடம்தான்."

திருநாவுக்கரசு சீட்டுக்குத் திரும்பி வந்தபோது, சைட்டில் அவன் பெயர் இருந்த இடத்தில் "ஹைதராபாத் கனவான்" என்று மாற்றி, பக்கத்தில் ஒரு தங்க நட்சத்திரம் போட்டிருந்தார்கள். சரிபார்க்கப்பட்டவர் என்று அர்த்தம்.

அன்று சாயங்காலம் குகட்பள்ளி வீட்டில் கதவைத் திறந்த கல்பகம், அவன் செருப்பைக் கழற்றும்வரைகூடப் பொறுக்கவில்லை. அவள் பக்கத்துப் பள்ளியில் கணக்கு டீச்சர்.

"ஏங்க, லண்டன்லேர்ந்து ஒரு வெள்ளைக்காரரு பேசினாரு. நீங்க ஏதோ கார் எடுத்திருக்கீங்களாம். இருபத்தோரு லட்சம் பவுனாம்."

"பவுன் இல்ல கல்பகம், பவுண்டு."

"எங்கப்பா எனக்குப் போட்டதே முப்பது பவுன்தான்!"

"பவுண்டுங்கறேன்ல? இங்கிலீஷ் பணம்."

"ஓஹோ. ஒரு மாருதி வாங்கலாம்னு ரெண்டு வருஷமா கேக்கறேன், இப்ப வேணாம் இப்ப வேணாம்னீங்க. இதுக்குத்தானா? எத்தனை சீட்டு?"

"ரெண்டு."

"ரெண்டா? நீங்க ஒண்ணு, இன்னொண்ணுல யாரு?"

ஐந்து வயது சாஹித்யா உள்ளேயிருந்து ஓடி வந்தாள். பள்ளியில் பழகிய தெலுங்கில்தான் அவள் எதையும் கேட்பாள். "நான்னா, எர்ர காரு கொன்னாவா?"

அப்பா, சிவப்புக் கார் வாங்கினாயா என்று குழந்தை கேட்டது. திருநாவுக்கரசுவின் காதில் தமிழாகவே விழுந்தது. "கொன்னுடுச்சும்மா, என்னையத்தான்" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தான்.

நடந்ததையெல்லாம் சொன்னான். கல்பகம் கேட்டாள். கேட்டு முடித்ததும் முந்தானையால் அவன் நெற்றியைத் துடைத்துவிட்டு, போர்டு முன்னால் நிற்கும் டீச்சர் ஆகிவிட்டாள்.

"இப்ப உங்களோடதுதான் பெரிய நம்பர். அதைவிடப் பெரிய நம்பர் ஒருத்தன் சொன்னா நீங்க வெளிய வந்துடலாம். அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்."

"அப்ப அவன் சொல்ற மாதிரி பண்ணுங்க. பொண்ணு பாக்க வர்றவங்ககிட்ட தரகர் பேசற மாதிரி காரைப் பத்தி நாலு நல்ல வார்த்தை எழுதுங்க."

அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. கார் படத்துக்குக் கீழே யாரும் கருத்து எழுத ஒரு பெட்டி இருந்தது. மறுநாள் காலையில் ஒரு பொய்ப் பெயரில் எழுதினான். இந்தக் காரைத் தான் ஒரே ஒரு தடவை நேரில் பார்த்திருப்பதாகவும், அதன் எஞ்சின் சத்தத்தைக் கேட்ட பிறகு வேறு சங்கீதம் கேட்கப் பிடிக்கவில்லை என்றும், இதை விட்டவன் வாழ்நாளெல்லாம் வருந்துவான் என்றும் எழுதினான். எழுதி முடித்தபோது அவனுக்கே கார் மேல் கொஞ்சம் ஆசை வந்துவிட்டது.

பலன் பதினொரு மணிக்கே தெரிந்தது. ஜெனீவாவில் யாரோ ஒருவர் இருபத்திரண்டு லட்சம் என்று கேட்டிருந்தார்.

திருநாவுக்கரசு நாற்காலியில் இரண்டு கைகளையும் கூப்பினான். ஜெனீவா எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாததால் பொதுவாக ஜன்னலைப் பார்த்துக் கும்பிட்டான். கையை இறக்குவதற்குள் அடுத்த மெயில்.

"அன்புள்ள ஹைதராபாத் கனவானே, தங்களை ஒருவர் முந்தப் பார்த்தார். தாங்கள் தேர்ந்தெடுத்திருந்த 'விடாதே' வசதியின் மூலம் தங்கள் சார்பில் நாங்களே விலையை ஏற்றிவிட்டோம். இப்போது தங்கள் விலை இருபத்து மூன்று லட்சம்."

'விடாதே' வசதியா? அப்போதுதான் நினைவு வந்தது. டெஸ்டர் என்பவன் கண்ணில் பட்ட பெட்டியிலெல்லாம் டிக் போட்டுப் பார்ப்பவன். பக்கத்தில், எதுவரை ஏற்றலாம் என்று ஒரு கட்டம் இருந்தது. எண் போடும் கட்டத்தைக் கண்டால் டெஸ்டரின் விரல் தானாக ஒன்பதுக்குப் போகும். ஏழு தடவை ஒன்பதைத் தட்டியிருந்தான். தொண்ணூற்றொன்பது லட்சத்துத் தொண்ணூற்றொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது பவுண்டு வரைக்கும் யார் எவ்வளவு கேட்டாலும் அவனுக்காகச் சைட் ஒரு படி மேலே கேட்டுக்கொண்டே இருக்கும்.

இதற்குள் அவன் எழுதிய நல்ல வார்த்தை உலகம் முழுக்க வேலை செய்ய ஆரம்பித்திருந்தது. ஜெனீவா இருபத்து நான்கு என்றது. சைட் இருபத்தைந்து என்றது. சிகாகோ முப்பது என்றது. சைட் அசராமல் முப்பத்தொன்று என்றது. மத்தியானத்துக்குள் நாற்பதைத் தாண்டியது. சிகாகோக்காரர் கருத்துப் பெட்டியில், "யாரய்யா இந்த ஹைதராபாத்காரர்? மூச்சு விடுவதற்குள் பதில் சொல்கிறாரே, தூங்கவே மாட்டாரா?" என்று எழுதியிருந்தார்.

தூங்கவில்லை என்பது உண்மைதான்.

வியாழக்கிழமை காலை, ஆபீஸ் வண்டியான குவாலிஸில் ஜன்னலோரம் சுருண்டு உட்கார்ந்திருந்தவனை டிரைவர் கிட்டு கண்ணாடியில் பார்த்தான். கிட்டுவின் குடும்பம் மூன்று தலைமுறையாக செகந்திராபாத்தில் இருக்கிறது. அவனுடைய தமிழில் பாதி அந்த ஊருடையது.

"கைக்கு சார், ஏன் இப்படி டல்லா இருக்கீங்க? வூட்ல சண்டையா?"

"அதெல்லாம் இல்ல கிட்டு. உடம்பு சரியில்ல."

"உடம்பு நல்லாத்தான் கீது சார். மூஞ்சி தான் செத்தவன் மூஞ்சி மாதிரி கீது."

அந்த வார்த்தை திருநாவுக்கரசுவுக்கு வழி காட்டியது. லண்டனில் விடிகிற நேரம் பார்த்து மத்தியானம் பூத்துக்கு ஓடினான். வாயில் கைக்குட்டையை வைத்துக் குரலை மாற்றிக்கொண்டான்.

"பெம்பர்டன் ஐயாவா? நான் திருநாவுக்கரசுவின் அண்ணன் பேசுகிறேன். வருத்தமான செய்தி. தம்பி இன்று காலை காலமாகிவிட்டான். ஏலத்திலிருந்து அவன் பெயரை எடுத்துவிடுங்கள்."

பெம்பர்டன் நிதானமாகக் கேட்டுக்கொண்டார். "மிகவும் வருந்துகிறேன். ஆனால் ஐயா, தங்களிடம் ஒன்று சொல்லலாமா? பெரிய பெரிய வாடிக்கையாளர்கள் ஏலத்துக்கு முந்தின நாள் செத்துப்போவது எங்களுக்குப் பழக்கம்தான். போட்டியாளர்களை ஏமாற்ற அது ஒரு நல்ல உத்தி. கவலை வேண்டாம். இந்த ரகசியம் என்னோடு இருக்கும். தம்பியின் விலை அப்படியே நிற்கும்."

"நிஜமாகவே செத்துவிட்டான் ஐயா!"

"நிச்சயமாக. பிரமாதமாகச் செய்கிறீர்கள். ஆமாம், லிட்டருக்கு எவ்வளவு என்று கேட்டாரே, விசாரித்துவிட்டேன். மூன்று கிலோமீட்டர் கொடுக்கும்."

சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போனபோது வாசலில் ஆளுயர மலர்வளையம் ஒன்று சாய்த்து வைத்திருந்தது. நாடகம் நம்பும்படியாக இருக்கட்டும் என்று பெம்பர்டன் ஹைதராபாத் பூக்கடை ஒன்றில் சொல்லி அனுப்பியிருக்கிறார். படிக்கட்டில் எதிர்வீட்டு அம்மாள் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றாள். திருநாவுக்கரசு மேலே ஏறி வருவதைப் பார்த்ததும் ஒரே அலறலோடு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

கல்பகம் கூடத்தில் இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"செத்துட்டீங்களாமே?"

"அது வந்து..."

"இந்த ஃப்ளாட் பூரா வந்து துக்கம் விசாரிச்சுட்டாங்க. 'இல்லீங்க, உயிரோடதான் இருக்காரு'ன்னு சொன்னா, அதிர்ச்சியில பேசறேன்னு எனக்குத் தண்ணி தெளிக்கறாங்க. யாரோ கரூருக்கு வேற போன் போட்டுச் சொல்லிட்டாங்க. உங்கண்ணன் வண்டி ஏறப் போனாரு, நல்லவேளை ஸ்டேஷன்லேர்ந்து ஒரு தடவை பேசினாரு."

கோபமாக ஆரம்பித்தவளின் குரல் முடியும்போது உடைந்தது. அவள் அழுவதை அவன் அதிகம் பார்த்ததில்லை.

"விளையாட்டுக்குக்கூட இப்படிச் சொல்லாதீங்க. வேலை போனா போவுது. நாளைக்கு அந்த நஸ்ரின் மேடம்கிட்ட உண்மையைச் சொல்லிடுங்க. ஒரு மனுஷன் கை தவறி அமுக்கிட்டான், அதுக்குத் தூக்கிலயா போடுவாங்க?"

"சரி. நாளைக்குச் சொல்லிடறேன்."

வெள்ளிக்கிழமை சொல்லத்தான் நினைத்தான். காலையில் நஸ்ரின் சீட் வரைக்கும் போனான். அவள் திரையை முறைத்துக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாகப் புகார்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன திரு?"

"ஒண்ணுமில்ல மேடம். ஏசி ஜாஸ்தியா இருக்கா?"

"இல்ல."

"சரி மேடம்."

மத்தியானம் இன்னொரு தடவை போனான். அவள் யாரையோ போனில் விளாசிக்கொண்டிருந்தாள். திரும்பி வந்துவிட்டான். நான்கு மணிக்குப் போனபோது, தலையைத் தூக்காமலே, "ஏசி சரியா இருக்கு திரு" என்றாள்.

ஏலம் ஆறு மணிக்கு முடியும். ஐந்து ஐம்பதுக்குத் திருநாவுக்கரசு திரையைத் திறந்து வைத்துக்கொண்டான். ஜெனீவாவும் சிகாகோவும் எப்போதோ களைத்து விலகியிருந்தார்கள். ஐம்பத்தாறு லட்சத்தில் ஹைதராபாத் கனவான் தன்னந்தனியாக நின்றார். ஆறு மணிக்கு மேல் என்ன செய்வது என்று யோசித்தான். கரூரில் அண்ணனின் பெட்ஷீட் கடை நினைவுக்கு வந்தது. பிறகு, சாஹித்யா மறுபடியும் தமிழ் பழகிக்கொள்வாள், அது ஒரு நல்லது என்று நினைத்துக்கொண்டான்.

ஐந்து ஐம்பத்தெட்டுக்குத் திரை ஒரு தடவை துடித்தது.

விலை அறுபது ஆயிற்று. எழுபது. எண்பது. கண் இமைப்பதற்குள் தொண்ணூறு. யாரோ ஒரு புதிய ஆள் உள்ளே வந்திருந்தார். சைட் திருநாவுக்கரசுவுக்காக ஏற்ற, அந்த ஆள் விடாமல் ஏற, எண்கள் உருண்டு உருண்டு கடைசி ஒன்பதில் வந்து முட்டின. அதற்கு மேல் அவனுக்குப் போகத் திராணியில்லை. அந்த ஆளுக்கு இருந்தது.

ஒரு கோடி பவுண்டு.

"அன்புள்ள ஹைதராபாத் கனவானே, மிகவும் வருந்துகிறோம். பெல்லாந்தி வேறொருவருக்குப் போய்விட்டது."

இப்படி ஒரு இனிய வருத்தச் செய்தியை அவன் வாழ்க்கையில் படித்ததில்லை. மூன்று தடவை படித்தான். அரபு ஷேக்காகத்தான் இருக்க வேண்டும் என்று தீர்மானித்தான். யாராயிருந்தாலும் அவர் பிள்ளைகுட்டிகளோடு நூறு வருஷம் வாழட்டும், மூன்று கிலோமீட்டர் கொடுக்கிற வண்டிக்குப் பெட்ரோல் போடுகிற வசதியை ஆண்டவன் அவருக்கு எப்போதும் கொடுக்கட்டும் என்று மனமார வேண்டிக்கொண்டான்.

கீழே இறங்கிப் போய், கடையில் இருந்த கராச்சி பிஸ்கட் பெட்டிகளையெல்லாம் வாங்கி வந்து மாடி முழுக்கக் கொடுத்தான். "பொண்ணா, பையனா?" என்று சிலர் கேட்டார்கள். "கார்" என்று சொல்ல வாயெடுத்து, "சும்மாதான்" என்றான். நஸ்ரின் சீட்டில் இல்லை. தலைவலி என்று முதல் டிரிப்பிலேயே கிளம்பிவிட்டாளாம். அவளுக்கென்று ஒரு பெட்டியைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டான். இனி சொல்ல வேண்டிய உண்மை எதுவும் இல்லை.

கல்பகத்துக்கு போன் செய்தான். "முடிஞ்சுது! வேற ஒருத்தன் தலையில போயிடுச்சு!"

"அப்பாடா! ஈச்சனாரிப் புள்ளையாருக்கு நூத்தியெட்டு தேங்கா வேண்டியிருந்தேங்க. மேடம்கிட்ட சொன்னீங்களா?"

"சொல்லவே வேண்டியதில்லாம போச்சு."

"நாம தப்பிச்சது சரிதான். அந்த வேற ஒருத்தன் பாவமில்லையா?"

"ஒரு கோடி பவுண்டு கொடுக்கறவன் என்ன கல்பகம் பாவம்?"

இரண்டாவது டிரிப்பில் அவன் ஒருவன்தான். முன் சீட்டில் கிட்டுவின் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, பெட்டியைப் பிரித்து நீட்டினான். குகட்பள்ளி ரோட்டின் நெரிசல்கூட அன்று அழகாகத் தெரிந்தது.

"இன்னைக்கு மூஞ்சி நல்லா கீது சார்" என்றான் கிட்டு, பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டு. "பாவம், நஸ்ரின் மேடம் தான் முதல் டிரிப்ல ஒரே அழுகை."

"அழுகையா? தலைவலின்னாங்களே?"

"நக்கோ சார், தலைவலியெல்லாம் இல்ல. அம்மாகிட்ட போன்ல சொல்லிட்டே வந்தாங்க. ஆபீஸ்ல யாரோ ரத்து பட்டன் இல்லன்னு ரிப்போர்ட் எழுதியிருக்காங்க. அதை செக் பண்றேன்னு டெஸ்டுக்கு பதிலா நிஜத்தைத் தொறந்து, கட்டம் பூரா எட்டு ஒம்போதைத் தட்டிட்டாங்களாம். ஏதோ செவப்பு காரு, ஒரு கோடிக்கு மேடம் பேர்ல வந்துடுச்சாம்."

திருநாவுக்கரசுவின் வாயில் பிஸ்கட் அப்படியே நின்றது. எப்படியோ விழுங்கினான்.

"ஐயோ... அப்புறம்? இன்னும் அழுதுட்டா இருக்காங்க?"

"இல்ல சார், மியாபூர் வர்றப்ப ஒரே சிரிப்பு. லண்டனுக்கு போன் பண்ணி நடந்த உண்மையை அப்படியே சொல்லிட்டாங்களாம், அந்தப் பெரியவரு தங்கமானவரு சார், 'நீ கவலைப்படாதே மா, ரெண்டாவதா நின்ன பார்ட்டி உங்க ஊருதான், ரொம்ப ஆசையா இருக்காரு, அவருக்கே கொடுத்துடறேன்'னு சொல்லிட்டாராம்!"